மாட்டெலும்பு என்று என் காதில் விழுந்தது

என் தங்கை மகனின் வலது காலை உடைத்தது ஒரு விபத்து. கெடுத்தது நான்.

இதைச் சொல்லும்போதெல்லாம் எதிரில் இருப்பவர், "சேச்சே, நீங்க என்ன சார் பண்ணுவீங்க, எல்லாம் அவன் நேரம்" என்று ஆறுதல் சொல்ல வந்துவிடுகிறார். அந்த ஆறுதலைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் குறுக்கே வந்து என்னை மன்னிக்க முடியாது.

நடந்தது ஆரணியில், கொரோனா ஓய்ந்து கோயில்களில் மறுபடி கூட்டம் சேர ஆரம்பித்த சமயம், ஓர் ஆடி மாதத்தில். நான் பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் தெருவில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'சார்'தான். பேங்க் என்றாலும், தாலுகா ஆபீஸ் என்றாலும், ஆஸ்பத்திரி என்றாலும், "சாரைக் கூட்டிகினு போங்க" என்பார்கள். நானும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதில் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

தங்கை மகனுக்கு அப்போது நாற்பது வயதை ஒட்டி இருக்கும். பட்டுப் புடவை நெய்கிறவன். வீட்டுக்குள்ளேயே குழித்தறி. தரையில் தோண்டிய குழிக்குள் இரண்டு கால்களையும் தொங்கவிட்டு உட்கார்ந்து, கீழே இருக்கும் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். பார்க்கிறவர்களுக்குக் கை வேலையாகத்தான் தெரியும். பாதி வேலை முழங்காலுடையது. காலையில் குழியில் இறங்கினால் சாப்பாட்டுக்கு ஏறுவான், மறுபடி இறங்குவான். அந்தக் கால்தான் அந்தக் குடும்பத்தின் சோறு.

அந்த ஆடி வெள்ளியில் விரதமிருந்து, பெண்டாட்டியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு படவேட்டு அம்மன் கோயிலுக்குப் பைக்கில் போனான். திரும்பும் வழியில் குறுக்கே ஒரு நாய். பிரேக் போட்டதில் வண்டி சாய்ந்து அவன் காலின் மேலேயே விழுந்துவிட்டது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவனால் எழுந்திருக்க முடியவில்லை.

பக்கத்துப் பெரிய ஊரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். வழக்கம்போல நான் முன்னால். எலும்பு டாக்டர் ஓர் இளம் பெண், கேரளத்துக்காரர். மறுநாள் காலை வந்து, வீக்கம் வடிந்த பிறகுதான் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு, ஸ்கேன் படத்தைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே காட்டி விளக்கினார். முழங்காலுக்குக் கீழே இருக்கும் பெரிய எலும்பின் மேல்பகுதி சமமாக இருக்க வேண்டும். அதன் மேல்தான் உடம்பின் பாரம் இறங்குகிறது. அது வெளிப்பக்கத்தில் நொறுங்கி உள்ளே அமுங்கிக் கிடந்தது.

"இதைத் தூக்கி மேல கொண்டு வரணும். தூக்கினா அடியில காலி எடம் வரும் அல்லே? அங்க மாட்டெலும்பு வெச்சு நிறைச்சு, ப்ளேட்டும் ஸ்க்ரூவும் போடணும். இல்லேங்கில் மறுபடி அமுங்கிப் போகும்" என்றார்.

"என்ன எலும்பு?" என்றேன்.

"மாட்டெலும்பு. பேஷண்ட்டோட இடுப்புல இருந்தும் எடுக்கலாம். அங்கயும் ஒரு முறிவு, ஒரு வேதனை. எதுக்கு? இதுதான் நல்லது."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் குரலை உயர்த்தினேன்.

"ஏம்மா, யாருகிட்ட இன்னா பேசறோம்னு தெரிஞ்சிகினுதான் பேசறியா? விரதமிருந்து அம்மனைப் பாத்துட்டு வந்த உடம்பும்மா இது. உங்க ஊர்ல இதெல்லாம் சகஜமா இருக்கலாம். எங்க புள்ள காலுக்குள்ள மாட்டெலும்ப வெக்க விட்ருவோமா?"

"சார், ஒரு நிமிஷம், நான் சொல்றதை..."

"கேட்ட வரைக்கும் போதும்."

அப்போது என் தங்கை கட்டிலோரம் நின்று தூக்குப் பாத்திரத்திலிருந்து மகனுக்கு ஆட்டுக்கால் சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். எலும்பு கூடுவதற்கு எலும்பு சூப். அதில் எங்கள் யாருக்கும் ஒரு தீட்டும் தெரியவில்லை. வார்டு முழுக்கச் சூப் வாசனை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் எங்கள் சுத்தத்தைப் பற்றி முழங்கினேன்.

கட்டிலில் கிடந்தவன் மட்டும் தலையைத் தூக்கினான். "மாமா, கோச்சிக்காதீங்க. அது இன்னா ஏதுன்னு அவங்களை முழுசா சொல்ல விடுங்க."

"நீ கம்முனு இர்றா. உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் அப்படியே நினைவு வைத்திருக்கிறேன். மறக்காதவன் நான் மட்டுமில்லை, அவனும்தான்.

டாக்டர் முகம் சிவந்து வெளியே போனார். என் தங்கை புருஷனின் அண்ணன் என் தோளைத் தட்டி, "கரெக்டா புடிச்சீங்க சார். நீங்க மட்டும் இல்லேன்னா நம்ம தலையில மொளகா அரைச்சிருப்பாங்க" என்றார். அவனை அங்கிருந்து கொண்டுபோக வேனுக்குப் போன் செய்ய நான் கீழே இறங்கினேன்.

இனிமேல் சொல்லப் போவதுதான் என் குற்றம். இதுவரை சொன்னது வெறும் அவசரம். காது தப்பாகக் கேட்கலாம், கோபம் வரலாம், அதற்கெல்லாம் மன்னிப்பு உண்டு. இதற்கு இல்லை.

வாசலில் வண்டிகள் நிறுத்துமிடத்தில் நின்று போனில் நம்பர் தேடிக்கொண்டிருந்தேன். அதே பெண் டாக்டர் வேகமாக வந்தார். ஸ்கூட்டர் சாவியை எங்கேயோ வைத்துவிட்டார் போலிருக்கிறது. வாட்ச்மேனிடம், "அண்ணா, என்னோட மாட்டுச் சாவி உங்ககிட்ட குடுத்து வெச்சிருந்தேனே, அது எடுங்க" என்றார்.

வாட்ச்மேன் சிரித்துவிட்டார். "மாட்டுக்கு எதுக்கு மேடம் சாவி? கயிறு போதாதா?"

"ஐயோ அண்ணா, களியாக்காதே. மாற்று, மாற்று! ஸ்பேர் கீ!"

அவர் இரண்டாவது முறை சொன்னபோதும் அது என் காதில் 'மாட்டு' என்றுதான் விழுந்தது. ஸ்பேர் என்றதும்தான் விளங்கியது. மாற்றுச் சாவி. மாற்று எலும்பு. எலும்புக்குப் பதிலாக வைக்கிற பொருள். மாடும் இல்லை, ஒன்றும் இல்லை.

மலையாளிகள் வாயில் நம்முடைய 'ற்று' கிட்டத்தட்ட 'ட்டு' போலத்தான் ஒலிக்கும். இதை யாரோ வந்து எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் றகரம் நடத்தும்போது கரும்பலகையில் எழுதி, அவர்களைப் போலவே பேசிக் காட்டிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தவன் நான். அந்தப் பாடத்தை எத்தனையோ வருடம் நடத்தியவனுக்கு, அது தேவைப்பட்ட ஒரே நாளில் தெரியவில்லை.

தெரிந்த பிறகாவது? லிஃப்ட் திறந்தே கிடந்தது. மேலே போய், "நான் தப்பா கேட்டுட்டேன்" என்று நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. நான் செய்யவில்லை. என் தோளைத் தட்டியவர் முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் அந்த நேரத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஊருக்குப் போன பிறகு, 'சாருக்கே காது கேக்கல' என்று தெருவில் சிரிப்பார்களே என்றும் தோன்றியது.

டாக்டர் என்னைப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார். அவ்வளவு பேச்சு வாங்கிய பிறகும் வந்தார். "சார், பேஷண்டைக் கொண்டு போகாதீங்க. அது வேண்டாம்னா வேண்டாம். இடுப்புல இருந்தே எடுத்துக்கலாம்" என்றார். நான் கத்திய 'மாட்டெலும்பு' அவர் காதில் அவர் சொன்ன சொல்லாகவே விழுந்திருக்க வேண்டும். வெளிப் பொருள் எதுவும் உடம்புக்குள் வைக்கக் கூடாது என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டார். அந்த இடத்தில் திருத்த வேண்டியவன் நான் ஒருவன்தான்.

"எங்களுக்கு வேற எடம் இருக்கு" என்று சொல்லிவிட்டு வேனைக் கூப்பிட்டேன்.

அந்த வேறு இடம், மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளையும் வைத்துக் கட்டுகிற ஒரு நாட்டு வைத்தியர் வீடு. அந்த ஆளைக் குறை சொல்ல மாட்டேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "மூட்டுக்குள்ள நொறுங்கிகீது சார். இது நம்ம கட்டுக்கு அடங்காது" என்றார். "நீங்க போடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். எதைப் பார்த்துக்கொண்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

எலும்பு கூடத்தான் செய்தது, அமுங்கியது அமுங்கியபடியே. கட்டுப் பிரித்து ஊன்றச் சொன்னபோது முழங்கால் உட்பக்கமாகச் சாய்ந்தது. நடந்தால் ஒரு முழங்கால் மற்றதை இடித்தது. அவன் தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பான். தெருவில் போகிறவர்கள் அவனை விசாரித்துவிட்டு என்னைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். "மாட்டெலும்ப வெக்கப் பாத்தாங்களாமே, சாராலதான் நம்ம மானம் தப்பிச்சுது." நான் மறுத்ததில்லை. தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன்.

பொங்கல் கழித்து ஒரு நல்ல நாள் பார்த்து அவனைத் தறியில் உட்கார வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். பெண்டாட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறங்கினான். உட்கார்ந்தான். வலது காலால் மிதியை அழுத்தினான். முழங்கால் பக்கவாட்டில் மடங்க, அப்படியே முன்னால் சரிந்தவன், விழாமலிருக்கக் கையை நீட்டி, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைப் பிடித்துவிட்டான்.

இழுத்துக் கட்டிய பட்டுப் பாவு நூலை ஒரு நெசவாளி அப்படிப் பிடிக்க மாட்டான். கொத்தாக இழைகள் அறுந்து சுருண்டன. அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி குனிந்து, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.

அங்கேயே, அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னேன். மாற்றுச் சாவியிலிருந்து வேன் வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

தங்கை, "அண்ணா, இன்னாண்ணா சொல்ற?" என்று கேட்டாள். மறுபடி கேட்டாள்.

அவன் பெண்டாட்டி முடிச்சுப் போடுவதை நிறுத்தவில்லை. தலையைத் தூக்காமலே பேசினாள். "பெரிப்பா, இந்த ஒரு பொடவைக்கு எத்தினி புழுவக் கொதிக்கற தண்ணில போட்டு நூல் எடுக்கறாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? அதத்தான் தெனம் தொட்டுகினு கீறோம். அதத் தொட்ட கையோடதான் அம்மனுக்கு வெளக்கு ஏத்தறோம். அப்பல்லாம் போவாத சுத்தம், இவரு காலு நிமிந்தா போயிடுமா?"

"இல்லம்மா, அது மாட்டெலும்பே இல்லைன்னுதான் சொல்றேன்..."

அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான். பிறந்ததிலிருந்து என்னை 'நீங்க' என்று பேசியவன்.

"மாட்டெலும்பாவே இருந்தாத்தான் இன்னா? காலு யாருது? என்னக் கேட்டியா நீ?"

பதில் சொல்ல வாயெடுத்தேன்.

"கம்முனு இரு. உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றான்.

இவ்வளவு காலமும் நான் ஒரு சொல்லைத் தப்பாகக் கேட்டதையும் அதை மறைத்ததையும் மட்டுமே என் பாவமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கும் முன்னால், அந்த வார்டிலேயே, அது எந்த எலும்பானாலும் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டியவன் கட்டிலில் படுத்திருந்தான். கேட்கவும் கேட்டான். அவன் வாயை அடைத்தேன். மாடு அதற்குப் பிறகு வந்த கதை.

பரிகாரம் என்று நான் செய்ததைச் சொல்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் தனியாகப் போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். அவர் என்னை மறக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். சினிமாவில் வருவது போல, 'பரவாயில்லை ஐயா' என்று சொல்லிவிடுவார் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை இருந்தது போலும். அவர் சொல்லவில்லை.

"என்னோட தமிழ் மோசம். அது எனக்கு அறியும். ஆனா நீங்க கீழ நிக்கும்போதே உங்களுக்கு மனசிலாச்சு. நான் உங்க பக்கத்துல வந்து பேசினேன். அப்பவும் சொல்லல. ஏன் சார்?"

"வெக்கம்" என்றேன்.

"உங்க வெக்கத்துக்கு வில அவரோட முட்டு" என்றார். முட்டு என்றால் அவர்கள் பாஷையில் முழங்கால். அதைத் தப்பாகக் கேட்க எனக்கு வழியில்லை.

பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு போனோம். நான் வார்டு கதவுக்கு வெளியே நின்றுகொண்டேன். டாக்டர் அவனிடமே நேராகப் பேசினார். கோணலாகக் கூடிய எலும்பை மறுபடி வெட்டித் தூக்க வேண்டும், அடியில் அதே பொருளை வைத்து நிறைக்க வேண்டும், ப்ளேட் போட வேண்டும். "அது ஒரு வகை சுண்ணாம்புச் சத்து. சிலது மாட்டுல இருந்தும் உண்டாக்கறாங்க, பொய் சொல்ல மாட்டேன். நான் வைக்கறது அது இல்ல. கொஞ்சம் கொஞ்சமா அது கரைஞ்சு, அந்த இடத்துல உங்க எலும்பே வளரும். ஆனா மூட்டுக்குள்ள தேஞ்சு போனதை என்னால திருப்பிக் கொடுக்க முடியாது. அன்னைக்குச் செஞ்சிருந்தா வேற. இப்ப முழுசா வராது. சம்மதமா?"

"மாடோ ஆடோ, எங்கால நிமித்திக் குடுங்க மேடம்" என்று அவன் சொன்னது வெளியே எனக்குக் கேட்டது. அவர் சிரித்ததும் கேட்டது.

கால் நிமிர்ந்தது. பல மாதம் ஊன்றாமல் கிடந்து, பிறகு நடக்கப் பழகினான். இப்போது தடி இல்லை. ஆனால் முழங்கால் முழுதாக மடங்குவதில்லை. காலையில் குழியில் இறங்குகிறான். மதியத்துக்குள் முட்டி வீங்கிவிடுகிறது. பாதி நாள் அவன் நெய்கிறான், மீதியை அவள் நெய்கிறாள். முன்பு அவள் செய்துகொண்டிருந்த வேலைகளையும் அவளேதான் செய்கிறாள். என் பரிகாரம் சம்பாதித்துக் கொடுத்தது அந்த அரை நாள்.

இரண்டாவதாக, எங்கள் தெருக் கோயில் கூழ் வார்க்கும் நாளில், எல்லோரும் கூடியிருந்தபோது எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். அது மாட்டெலும்பு இல்லை, நான் தப்பாகக் கேட்டேன், தெரிந்த பிறகும் மறைத்தேன் என்று சத்தமாகச் சொன்னேன். கல்லெறிவார்கள் என்று எதிர்பார்த்துப் போனேன். எறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சாருக்குப் பெரிய மனசு" என்றார்கள். "அவரு சொல்றாருன்னு நம்பாதீங்கப்பா, ஆஸ்பத்திரிக்காரங்க பயமுறுத்தி சொல்ல வெச்சிருப்பாங்க" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். என் தோளைத் தட்டியவர் என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, "வுடுங்க சார், வயசாயிடுச்சு, வெயில்ல நிக்காதீங்க" என்று மோர் வாங்கிக் கொடுத்தார். நான் பொய்யைச் சுமந்து நின்ற வரை ஊர் நம்பியது. உண்மையைச் சொன்ன அன்று எனக்கு வயதாகிவிட்டது.

அந்தப் பொய் இன்னும் எங்கள் தெருவில் நடமாடுகிறது. என் தங்கை மகனைப் போல நொண்டாமல், நன்றாகவே நடமாடுகிறது.

போன மாதம் பக்கத்துத் தெருவில் ஒருவர் மாடிப்படியில் விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். அவர் மகன் விசாரிக்க வந்தான். என்னிடம் இல்லை, என் தங்கை மகனிடம். நான் உள்ளே தங்கையோடு உட்கார்ந்திருந்தேன். வந்தவன், "அண்ணா, அது மாட்டெலும்புதானாமே?" என்று கேட்டான்.

"உங்கப்பாவ டாக்டர்கிட்ட நேரா பேச வுடு" என்றான் இவன், தறியில் இருந்தபடியே. "புரியலன்னா இன்னொரு தபா கேக்கச் சொல்லு. படிச்சவங்க யாருனா கூட வந்தா, டீ வாங்கியாறச் சொல்லி வெளிய அனுப்பிட்டுக் கேளுங்க."

நான் உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னான். தங்கை என் முகத்தைப் பார்த்தாள். பார்க்க ஒன்றுமில்லை. அவன் சொன்னது சரி.

அந்த மனிதருக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். நான் பார்க்கப் போகவில்லை.

என் தங்கை மகன் இப்போது என்னிடம் பேசுகிறான். காலையில் தறியில் இறங்குவதற்கு முன் நான் அந்த வழியாகப் போனால், "வாங்க சார்" என்கிறான். மறுபடி 'நீங்க'வுக்கு வந்துவிட்டான். ஆனால் மாமா என்ற சொல் போய், அந்த இடத்தில் 'சார்' வந்திருக்கிறது. அதை அவன் திருத்தமாக, காதில் தப்பாக விழ வழியே இல்லாதபடி சொல்கிறான். நானும் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பதில்லை.